முழுத்தடி மரச்சாமான்: செங்கோட்டைப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் எங்கள் பட்டறை இருக்கிறது. மரத்தைப் பலகையாக அறுத்துத் தள்ளாமல், அதன் உருட்டும் வளைவும் முடிச்சும் தெரியும்படி கட்டில், பெஞ்சு, நாற்காலி, மேசை செய்கிறோம். போனில் தினமும் கேட்கப்படுகிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நேரில் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முழுத்தடிச் சாமான் என்றால் என்ன? கடைக் கட்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடையில் வாங்குகிற கட்டிலில் மரம் முதலில் சட்டமாகவும் பலகையாகவும் மாறிவிடுகிறது. அது எந்த ஊர் மரம், அடியா நுனியா என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வேலையில் கட்டில் கால் ஒரு கிளை. பெஞ்சின் இருக்கை நடுவில் பிளந்த அடிமரம். மேசைக்குக் காலாக நிற்பது எஸ்டேட்டில் வேரோடு பிடுங்கிப் போட்ட காப்பித் தூர். பட்டை உரித்து, வாய்ச்சியால் செதுக்கி, ஒரு தடியில் உளியால் துளை போட்டு, இன்னொரு தடியின் நாக்கை அதில் இறக்கி ஆப்பு அடிக்கிறோம். ஆணி கிடையாது, தடி காயக் காய ஆணி பிடி விட்டுவிடும். ஒரே அச்சில் ஆறு நாற்காலி கேட்டால் எங்களால் தர முடியாது. ஆறும் ஒரே உயரத்தில், ஒரே உறுதியில் இருக்கும். முகம் ஆறு விதமாக இருக்கும்.

அண்ணாச்சி, இதெல்லாம் காட்டு மரம்தானே?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் "ஆமாம்" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். பதில்: இல்லை. மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது, பட்டறையில் தடி கிடக்கிறது, ஆகவே அங்கிருந்துதான் இங்கே வருகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் எங்களிடம் வருகிற மரத்தில் பெரும்பங்கு வீட்டுத் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் நின்றது.

ஊரின் கதையைக் கொஞ்சம் சொன்னால் இது புரியும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றை ராஜ மரங்கள் என்பார்கள். யார் நிலத்தில் முளைத்தாலும் அரசருக்கே சொந்தம். 1904இல் கொல்லத்திலிருந்து ரயில் கணவாய் கடந்து இங்கே வந்தது. கழுதுருட்டிப் பக்கத்தில் இருக்கிற பதிமூன்று கண் பாலம் அந்தப் பாதையில் கட்டியதுதான். ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் முதல் பெரிய ஊர் செங்கோட்டை என்பதால் இது மரக்கடை ஊராயிற்று. எங்கள் தாத்தா காலத்தில் காட்டு மரம் தாராளமாக வந்தது உண்மை. அது அன்றைக்கு.

அந்தக் கதவு அடைபட்டதும் ஓர் எல்லைப்புற ஊரிலிருந்துதான். நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி, நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தின் கையில் இருந்த காடு அது. 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதற்குமான உத்தரவாயிற்று. அரசு ஒப்புதல் பெற்ற திட்டப்படி அன்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது. காட்டுக்குள் அனுமதியில்லாமல் நடந்த மர அறுவை மில்களை நிறுத்த வேண்டும். மரத் தொழிலில் இருந்தவர்கள் அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எங்கள் வீட்டிலும் திட்டினார்கள். இன்றைக்கு மேக்கரைப் பக்கம் நின்று மலையைப் பார்க்கும்போது, அந்த வழக்கு இல்லாவிட்டால் இந்தப் பச்சை மிஞ்சியிருக்குமா என்றுதான் எனக்குத் தோன்றும்.

இப்போது மரம் வரும் வழிகள் நான்கு. முதலாவது, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர் சுற்றுவட்டாரத்து வீட்டு மரங்கள்: பலா, மா, வேம்பு, பூவரசு, வாகை. இரண்டாவது, சாலையை அகலப்படுத்த வெட்டி ஏலம் விடுகிற புளியமரங்கள். மூன்றாவது, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை டிப்போக்களில் கேரள வனத்துறை ஏலம் விடுகிற தேக்கு. அது நட்டு வளர்த்த தோட்டத் தேக்கு. நெருக்கம் குறைக்க இடையிடையே வெட்டி எடுப்பது. தடியின் முகத்தில் சுத்தியலால் அடித்த முத்திரை இருக்கும், மரத்தை ஏற்றிச் செல்ல வனத்துறை தருகிற பாஸ் கூடவே வரும். நான்காவது, மலைத் தோட்டங்களில் வயதாகி எடுக்கிற ரப்பர், சில்வர் ஓக், காப்பித் தூர்.

2017 ஒக்கி புயலுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு மனசு ஆறாது. அந்த வருஷம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஆஞ்சிலித் தடிகள் கொண்டுவந்து அடுக்கினோம். அவற்றில் கடைசி இரண்டு தடி இன்னும் கொட்டகையில் இருக்கின்றன.

காட்டில் தானாக விழுந்து மட்கப்போகிற மரத்தை எடுத்தால் என்ன தப்பு?

சட்டப்படி தப்பு. காப்புக்காட்டில் பட்ட கட்டையை எடுத்தாலும் வழக்குதான். ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

தென்மலைக்குப் பக்கத்தில் செந்துருணி சரணாலயம் இருக்கிறது. செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அப்படிப்பட்ட காட்டில் ஒரு முதிய மரம் பட்டுப்போனால், அதன் பொந்தில் இருவாச்சி குடியிருப்பதுண்டு. பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, ஓர் அலகு நுழைகிற இடைவெளி மட்டும் விட்டு அடைகாக்கும். ஆண் பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்தப் பறவை நுழைகிற அளவுக்குப் பொந்து விழ மரம் எத்தனை தலைமுறை நின்றிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு அது பட்ட கட்டை. அதற்கு அது வீடு. தோட்டத்தில் நின்ற பலாவே இத்தனை அழகாக இருக்கும்போது, அந்த வீட்டைத் தூக்கிவந்து வரவேற்பறையில் போட வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.

ஈட்டிக் கட்டில், செம்மரக் கட்டில், சந்தன ஊஞ்சல் செய்து தருவீர்களா?

மூன்றும் செய்வதில்லை.

ஈட்டியைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். கறுப்பும் ஊதாவுமாக வரி ஓடும் மரம். உளி பட்டால் லேசான இனிப்பு வாசனை வரும். அதன் மேல் ஆசை இல்லாத ஆசாரி கிடையாது. ஆனால் அதன் வளர்ச்சி மெதுவானது, போனது திரும்ப வர நூறு வருஷம் பிடிக்கும். தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2017 முதல் ஈட்டி இனங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. கேரளத்தில் 2020 அக்டோபரில் வந்த ஓர் அரசு உத்தரவைக் காட்டி, வயநாட்டின் முட்டில் பகுதியில் அரசு பட்டா கொடுத்த நிலங்களில் நின்ற ஈட்டிகளை வெட்டினார்கள். 2021 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் மரங்கள் தரையில் கிடந்தன. பழைய வீடு பிரிக்கும்போது கிடைத்த ஈட்டித் தூண், கதவு உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள், மகிழ்ச்சியோடு பழுதுபார்த்துத் தருகிறேன்.

செம்மரம் ஆந்திராவின் சித்தூர், கடப்பை, சேஷாசலம் மலைகளின் மரம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போன தமிழர்கள் அவர்கள். கையில் கோடாலி பிடிக்கிறவன் நான். அந்தச் செய்தி வந்த அன்று பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. "கொஞ்சமாகக் கிடைக்குமா" என்று யாராவது செம்மரம் கேட்டால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் எந்த மரம் நல்லது?

எந்த இடத்துக்கு என்று சொன்னால்தான் எந்த மரம் என்று சொல்ல முடியும். ஆனால் எனக்குப் பிடித்ததைக் கேட்டால், பலா. அறுத்த அன்று மஞ்சளாக, கிட்டத்தட்ட மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருக்கும். வெளிச்சம் படப்பட வருஷா வருஷம் பழுத்து, கடைசியில் தேன் கலந்த செம்பழுப்புக்கு வந்து நிற்கும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில் செய்வது சும்மா இல்லை. பெஞ்சு, ஊஞ்சல் பலகை, தலைமாட்டுச் சட்டம் எல்லாவற்றுக்கும் ஏற்றது.

ஆஞ்சிலி பலாவின் காட்டுத் தம்பி. கேரளத்துச் சுண்டன் வள்ளங்களை அதில்தான் செய்வார்கள். தண்ணீருக்கு அசையாது. வராந்தா, தோட்டம் என்று ஈரம் படுகிற இடத்துக்கு முதலில் அதைத்தான் சொல்வேன்.

புளியமரம் மக்கள் மதிக்காத மரம். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் பார்த்து அதோடு விட்டுவிடுகிறோம். நூறு வயதுப் புளியின் நடுவில் கறுத்த ஊதாவில் வைரம், அதாவது முற்றிய உள்மரம், இருக்கும். கல் மாதிரி கனம். ஒரு மேசைப் பலகையை நான்கு பேர் சேர்ந்துதான் திருப்ப முடியும். உளி நாளுக்கு நான்கு தடவை தீட்ட வேண்டும். இவ்வளவும் பட்டுச் செய்து முடித்தால் அந்த மேசை மூன்று தலைமுறைக்கு நகராது. சாலைக்காக வெட்டிய புளியமரங்கள் வண்டி வண்டியாகச் செங்கல் சூளைக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வேம்புக்குக் கசப்பே காவல். துணி வைக்கிற பெட்டிக்கு நன்று. பூவரசு முறுக்காது, நாற்காலிக் கைகளுக்கு நன்றாக வளைந்த கிளை கொடுக்கும். வாகையில் கருப்பட்டி நிறத்து வைரம் உண்டு, ஆனால் அதன் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது. வேங்கை உறுதியான மரம். யானை புலியென்று மயங்கியதாகப் பழம்பாட்டுகள் சொல்கிற அதே வேங்கை. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் தண்ணீரில் நீலம் மின்னும். ஈரம் பட்டால் சாயம் விடும் என்பதால் வெள்ளைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். மாமரம் மலிவு, பார்வைக்கு அழகு, பூச்சிக்கு அதைவிட அழகு. மருந்தடிக்காமல் வாங்க வேண்டாம்.

ரப்பர் மரச் சாமான் வாங்கலாமா?

வாங்கலாம். புனலூர், தென்மலைப் பக்கம் 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் அது. அதற்காக ஒரு காடும் அழிவதில்லை. ஆனால் வெட்டிய சில நாளிலேயே அறுத்து போரான் மருந்தில் ஊறவைக்க வேண்டும். தாமதித்தால் நீலம் பாயும், பிறகு உளுக்கும். முழுத்தடியாக வைத்தால் மருந்து உள்ளே இறங்காது. அதனால் நாங்கள் ரப்பரை முழுத்தடி வேலைக்கு எடுப்பதில்லை. பலகைச் சாமானுக்கு நல்ல மரம்.

நிலம்பூர்த் தேக்கா, வெளிநாட்டுத் தேக்கா, எப்படித் தெரிந்துகொள்வது?

பாலிஷ் போட்ட பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்கிறவரை நம்பாதீர்கள். தூத்துக்குடி, கொச்சித் துறைமுகங்கள் வழியாக ஆப்பிரிக்கத் தேக்கும் தென்னமெரிக்கத் தேக்கும் வந்து இறங்குகிறது. அதில் நல்லதும் இருக்கிறது. விற்பவர் பெயரை மாற்றிச் சொல்வதுதான் பிரச்சினை.

தடியின் வெட்டு முகத்தைப் பாருங்கள். தேக்கில் வருஷ வளையம் தெளிவாகத் தெரியும், விரல் வைத்து எண்ணலாம். நடுவில் பொன்பழுப்பாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்திருப்பது வெள்ளை. மலையாளத்தில் இந்த வைரத்துக்குக் காதல் என்று பெயர். ஆரியங்காவு டிப்போவில் "காதல் எவ்வளவு உண்டு சேட்டா?" என்று கேட்பது முழுக்க வியாபாரப் பேச்சு, முதல் தடவை கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. வேகமாக வளர்ந்த தேக்குக்குப் பலமே இல்லை என்று பலர் சொல்வது முழு உண்மை கிடையாது. இளமரத்தில் வெள்ளை அதிகம் என்பதுதான் குறை. ஆகவே எந்த நாடு என்பதை விட, வெள்ளையைக் கழித்தாரா என்று கேளுங்கள்.

தேக்கை அறிய ஆசையிருந்தால் இரண்டு இடம் போய்ப் பாருங்கள். நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலி 1840களில் நடவைத்த தோட்டத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது. அவருக்காக நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். அங்கே ஒரு தேக்கு அருங்காட்சியகமும் உண்டு. இன்னொன்று பரம்பிக்குளத்தின் கன்னிமரத் தேக்கு. கட்டிப்பிடிக்க ஐந்து பேர் கைகோக்க வேண்டும். சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மரம் கேரளத்தில் நிற்கிறது, ஆனால் வண்டிப் பாதை நம் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத்தான்.

ஆர்டர் கொடுத்தால் ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

காய்ந்த தடி கையிருப்பில் இருந்தால் ஒன்றரை மாதம். இல்லாவிட்டால் வருஷக் கணக்குதான், அதை மறைக்க மாட்டேன். பலகைக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. முழுத்தடிக்கு அதைவிடக் கூடும்.

செங்கோட்டையில் காயவைப்பது ஒரு தனி வித்தை. ஆனி ஆடியில் குற்றாலத்தில் விழுகிற சாரல் இங்கேயும் விழும், காற்றே நனைந்திருக்கும். அதே மாதங்களில் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். சாரல் ஒருநாள், காற்று மறுநாள் என்று மாறி மாறி அடித்தால் தடியின் இரு முனையும் நட்சத்திரம் போல வெடித்துவிடும். அதனால் வந்த உடன் பட்டை உரித்து, வெட்டு முகத்தில் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பி, அதற்கு மேல் உருக்கிய மெழுகு தடவுகிறோம். தரையில் படாமல் குறுக்குக் கட்டை போட்டு, நிழலில், முனை காற்றுக்கு எதிரே வராதபடி அடுக்குகிறோம். சில தடிகளை முதலில் குளத்துத் தண்ணீரில் மூன்று நான்கு மாதம் ஊறப்போடுவதும் உண்டு. மரத்துக்குள் இருக்கிற மாவுச்சத்தும் சாறும் கரைந்து போகும், பூச்சிக்குத் தீனி குறையும். தண்ணீரிலிருந்து எடுத்த அன்று அடிக்கிற நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஈரமானி இருக்கிறது, வைத்துப் பார்க்கிறோம். ஆனால் நான் நம்புவது தராசை. ஒவ்வொரு அடுக்கிலும் அதே தடியிலிருந்து வெட்டிய ஒரு துண்டைக் கூடவே வைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை அதை எடுத்து நிறுத்து, துண்டின் மேலேயே பென்சிலால் எடையை எழுதுவேன். முதல் மாதங்களில் எண் மளமளவென்று இறங்கும். பிறகு கிராம் கணக்கில் இறங்கும். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே எண் வந்தால்தான் அந்தத் தடியில் உளி படும். நேரில் வருகிறவர்களுக்கு அந்தத் துண்டுகளைக் காட்டுகிறேன். உங்கள் கட்டிலின் ஜாதகம் அதில் இருக்கிறது.

வாங்கிய பெஞ்சில் வெடிப்பு விழுந்துவிட்டதே, அது குறையா?

நடுக்குருத்தோடு இருக்கிற முழுத்தடி ஓர் இடத்திலாவது வெடிக்காமல் காயாது. மரம் காயும்போது குறுக்கே சுருங்குகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுவைக்கு எங்காவது வழி விட்டே ஆகவேண்டும். நாங்களே முதலில் வழி விட்டுவிடுகிறோம்: கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கமாக, தடியின் நீளத்துக்கு ரம்பத்தால் குருத்து வரை ஒரு கீறல். காயக் காய அந்தக் கீறல் அகன்றுகொண்டே போகும், மற்ற பக்கம் முழுசாக நிற்கும்.

அதையும் மீறி மேலே மயிர்க்கோடு போல வெடிப்பு வந்தால் அது மரத்தின் இயல்பு. நாக்கும் துளையும் சேர்கிற இடத்தில் வெடிப்பு வந்தால் அது எங்கள் குறை. படம் எடுத்து அனுப்புங்கள், சரிசெய்து தருவோம். ஏசி அறையில் போடப்போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் காற்று மிகவும் வறண்டது; அதற்கென்று இன்னும் அதிகம் காய்ந்த தடியாக எடுப்போம்.

கட்டிலுக்கு அடியில் மாவு மாவாகக் கொட்டுகிறது. என்ன செய்ய?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வாகைக் கட்டில் செய்தேன். வைரத்தின் கறுப்பும் ஓரத்து வெள்ளையும் சேர்ந்து பார்க்க அவ்வளவு எடுப்பாக இருந்தது. அந்த அழகை இழக்க மனமில்லாமல் வெள்ளையைக் கழிக்காமல் விட்டேன். எட்டாவது மாதம் கட்டில் திரும்பி வந்தது. ஊசி முனை அளவில் நூற்றுக்கணக்கான ஓட்டை. விரலால் அழுத்தினால் வெள்ளை முழுவதும் பவுடராக உதிர்ந்தது, வைரத்தில் ஓர் ஓட்டை கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கட்டிலின் கால் ஒன்றை இன்னும் பட்டறை வாசலில் வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்குக் காட்ட.

அந்த வண்டு வெள்ளையில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்னத்தான் வருகிறது. இப்போது வெள்ளையைக் கூடியவரை கழிக்கிறோம். மிஞ்சுகிற இடத்துக்குப் போராக்ஸும் போரிக் ஆசிட்டும் வெந்நீரில் கரைத்து, தடி ஈரமாக இருக்கும்போதே ஊறவைக்கிறோம். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார் எங்கள் அப்பா. கூடியவரை அதையும் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் மருந்தை விடுவதில்லை.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே கொட்டுகிறது என்றால், புதிய மாவுதானா என்று முதலில் பாருங்கள். துடைத்துவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விடுங்கள். மாவு சேர்ந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. கட்டிலைத் தனியாக நகர்த்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டு மரத்தைக் கொண்டுவந்தால் செய்து தருவீர்களா?

எங்களுக்குப் பிடித்த வேலையே அதுதான்.

பண்பொழிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா ஒரு ஆடிக்காற்றில் சாய்ந்துவிட்டது. விறகுக்காரர் வந்து விலை பேசியிருக்கிறார். "இத்தன வருசம் பழம் தின்னுட்டு வெறகுக்கா போடச் சொல்லுத? அது அடில உக்காந்துதான்யா நான் பீடி சுத்துனேன். எனக்கு உக்கார ஒண்ணு செஞ்சு குடு, போதும்" என்றார்கள். தடியைப் பிளந்தபோது ரம்பப் பல்லெல்லாம் பலாப்பால் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. மண்ணெண்ணெய் தடவித் தடவி அறுத்தோம். நடுவில் ஓர் இடத்தில் கிரீச்சென்றது. பார்த்தால் ஓர் ஆணி, விரல் கனம், மரத்துக்குள் நான்கு அங்குல ஆழத்தில். அதைச் சுற்றி மை கொட்டியதுபோல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். ஆச்சியிடம் காட்டியதும், "அவுக அரிக்கேன் மாட்ட அடிச்ச ஆணில்லா!" என்றார்கள். வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கறுப்பைச் செதுக்கி எடுக்காமல் இருக்கையின் வலது பக்கத்தில் வருமாறு பெஞ்சைச் செய்தோம்.

கொண்டுவருவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது: துண்டு போடாதீர்கள். விறகுக்கு வெட்டுகிறவர் இரண்டடி இரண்டடியாக வெட்டிவிடுவார், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆறடிக்கு மேல் நீளமாக விடுங்கள். கிளைக் கவட்டைகளை எறியாதீர்கள், நாற்காலிக் கை அதிலிருந்துதான் வருகிறது. வெட்டிய அன்றே இரு முனைக்கும் சாணமோ பழைய பெயிண்ட்டோ பூசிவிடுங்கள். கம்பி, ஆணி அடித்த இடம் தெரிந்தால் சுண்ணாம்பால் குறி போடுங்கள். நிற்கிற மரத்தை வெட்டுவதாக இருந்தால், தேக்கு, ஈட்டி, சந்தனத்துக்கு வனத்துறையைக் கேட்காமல் கோடாலி வைக்காதீர்கள். மலைப்பகுதியாக அறிவித்த கிராமங்களில் மற்ற மரங்களுக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

காய்க்கிற மரத்தைப் பெஞ்சுக்காக வெட்டுகிறேன் என்றால் நான் செய்து தர மாட்டேன்.

கன அடி எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

உருட்டுத் தடிக்குச் சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது இந்தப் பக்கத்து வழக்கம். சுற்றளவு 4 அடி, நீளம் 6 அடி என்றால் கால்பங்கு 1 அடி. 1 பெருக்கல் 1 பெருக்கல் 6, ஆக 6 கன அடி. வட்டக் கணக்கில் போட்டால் உண்மையில் அது 7.6 கன அடிக்கு வரும். அறுக்கும்போது போகிற புறணிக்காக விட்டுக்கொடுக்கிற கணக்கு இது. நீங்கள் மரம் விற்கும்போது இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். டேப்பைத் தடியின் நடுவில் சுற்றச் சொல்லுங்கள், நுனியில் சுற்ற விடாதீர்கள்.

என்ன பூச்சு போடுகிறீர்கள்? வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

உள்ளே போடுகிற சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய், அது காய்ந்ததும் தேன்மெழுகு. கண்ணாடி மாதிரி மினுங்காது. தொட்டால் மரத்தைத் தொட்டது போலவே இருக்கும். பளபளப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு அரக்குப் பாலிஷ் போடுவோம். கொல்லம் பக்கம் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் பூசுவார்கள், வெளியில் நிற்கிற மரத்துக்கு நல்ல காவல்தான். தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனி வெயிலில், துணியில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். முக்கியமான ஒன்று: அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போட்டோ, தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

மழையில் நனைகிற இடத்தில் போடலாமா?

ஆஞ்சிலி, தேக்கு, வேங்கை என்றால் போடலாம். காலுக்கு அடியில் கல் வையுங்கள். மண்ணைத் தொட்டு நிற்கிற கால்தான் முதலில் கறையான் பிடிக்கும்.

கேரளத்துக்கும் சென்னைக்கும் அனுப்புவீர்களா? செக்போஸ்டில் பிரச்சினை வராதா?

அனுப்புகிறோம். செய்து முடித்த சாமானுக்கு எங்கள் ரசீதும், மரம் வாங்கிய இடத்தின் பாஸ் நகலும் கூடவே வரும். உங்கள் வீட்டு மரத்தைத் தடியாக எல்லை தாண்டிக் கொண்டுவருவதாக இருந்தால், வண்டி ஏற்றுவதற்கு முன்பே உங்கள் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் எந்த மரத்துக்கு என்ன பாஸ் என்று கேட்டுவிடுங்கள். புளியரை செக்போஸ்டில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை கற்றுக்கொள்ள வரலாமா?

வாருங்கள். பெண்களும் வரலாம்; இப்போது இரண்டு பேர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், இருவருக்கும் உளி நன்றாகப் படிந்துவிட்டது. சாரல் மாதங்களில் வேண்டாம், தை முடிந்ததும் வாருங்கள். அப்போதுதான் புதுத் தடி வந்து பட்டை உரிக்கிற வேலை நடக்கும். தங்க இடம் உண்டு, சாப்பாடு பட்டறையில். மெஷினைத் தொட ஆறு மாதம் ஆகும். முதல் வாரம் உளி தீட்டப் பழகுவீர்கள். இரண்டாம் வாரம் ஒரு புளியங்கட்டையைக் கொடுப்பேன். உளியை அடிக்கிற மரச்சுத்தியல்தான் கொட்டாப்புளி; உங்களுக்கான கொட்டாப்புளியை அதில் நீங்களே செதுக்கிக்கொள்ள வேண்டும்.